வலிப்பும் கழுத்து நரம்புக் கருவியும்: வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

சென்ற மாதம் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பைப் பற்றி எழுதியபோது, கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி ஒன்று இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பற்றியே. காரைக்குடியில் குழந்தைகள் நரம்பியல் பார்க்கிறவள் நான். சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீடுகளில் இந்தக் கவலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மறைத்து வைக்காமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி:

கே: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 9 வயது. பிறந்தவுடன் அழவில்லை, மூச்சுத் திணறல் என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எட்டாம் மாதத்தில் வலிப்பு ஆரம்பித்தது. இப்போது நின்ற இடத்திலேயே தொப்பென்று விழுகிறான். நெற்றியிலும் மோவாயிலும் தையல் போடாத இடமில்லை. நான்கு விதமான மருந்து சாப்பிடுகிறான். மதுரை டாக்டர், நெஞ்சில் பேட்டரி வைத்துக் கழுத்து நரம்பில் கம்பி சுற்றலாம் என்கிறார். சம்பந்தி வீட்டில், உடம்புக்குள் மின்சாரமா, வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். என் வைரத்தோட்டை விற்றாவது செய்துவிடலாம் என்று இருக்கிறேன். வைத்தால் வலிப்பு நின்றுவிடுமா டாக்டர் அம்மா?

ப: ஆச்சி, முழுக்க நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டு இதற்குப் போகாதீர்கள். கருவி வைத்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, ஒன்றிரண்டு வருஷத்தில், வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. அடியோடு நிற்பது நூற்றுக்கு ஐந்து, பத்துப் பேருக்குத்தான். மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம், ஒன்றுமே ஆகாமலும் போகலாம். எந்தப் பிள்ளைக்குப் பலன் கிடைக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இன்றைக்கு வழி இல்லை. மாத்திரையும் தொடரும். சில பிள்ளைகளுக்குப் பிற்பாடு ஒன்றிரண்டைக் குறைக்க முடிகிறது, அவ்வளவுதான்.

இதைப் படித்ததும் இவ்வளவுதானா என்று உங்களுக்கு மனசு விட்டுப்போகும். ஆனால் உங்கள் பேரன் மாதிரிப் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பாதி என்பது சின்ன விஷயம் இல்லை. தையல் குறையும். வலிப்பு வந்தாலும் சீக்கிரம் விடுபட்டு, அரை நாள் தூங்கிக் கிடக்காமல் எழுந்து உட்காருவான். வலிப்பின் எண்ணிக்கை அதிகம் குறையாத பிள்ளைகளின் அம்மாக்கள்கூட, "முன்னைவிடத் தெளிவா இருக்கான், கூப்பிட்டா திரும்பிப் பார்க்கிறான்" என்று என்னிடம் சொல்வதுண்டு.

சம்பந்தி வீட்டாரின் பயத்துக்கு வருகிறேன். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளையின் அடித்தண்டிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, தொண்டை, இதயம், வயிறு என்று போகும் நீளமான நரம்புக்கு வேகஸ் என்று பெயர். அதில் இருக்கும் இழைகளில் சுமார் 80 சதவீதம், உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. கருவி அந்தப் பாதையில்தான் சின்னச் சின்னத் துடிப்புகளை மேலே அனுப்புகிறது. அவை மூளைத்தண்டு வழியாகப் போய், வலிப்பு பரவும் இடங்களின் படபடப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்குகின்றன. மண்டையைத் திறப்பதில்லை, மூளையை யாரும் தொடுவதுமில்லை. மின்சாரத்தின் அளவு ஆரம்பத்தில் 0.25 மில்லிஆம்பியர்தான் வைப்பார்கள். வாரக்கணக்கில் மெல்ல ஏற்றி, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிஆம்பியர் அளவில் நிறுத்துவார்கள். வழக்கமான அமைப்பில் 30 விநாடி ஓடும், 5 நிமிஷம் ஓயும், இரவு பகலாக. வலது பக்க வேகஸ், இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் இடத்துக்கு அதிகமாகப் போவதால் இடது பக்க நரம்பில்தான் கம்பியைச் சுற்றுவார்கள். இதயத்துக்கு என்ன ஆகுமோ என்று அவர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் ஸபாரா 1980களில் நாய்களிடம் வேகஸைத் தூண்டி வலிப்பு அடங்குவதைக் காட்டினார். 1988இல் முதல் மனிதருக்கு வைத்தார்கள். 1997இல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 2017இல் 4 வயது முதலே வைக்கவும் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

ஆபரேஷன் ஒன்றரை, இரண்டு மணி நேரம். முழு மயக்கம் கொடுப்பார்கள். கழுத்தில் ஒரு சின்னக் கீறல், நெஞ்சின் இடது மேல்பக்கம் ஒன்று. ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். புண் ஆறிய பிறகு, இரண்டு வாரம் கழித்து வாக்கில்தான் கருவியை முடுக்குவார்கள். அப்புறம்தான் உண்மையான வேலையே ஆரம்பிக்கிறது. அளவை ஏற்ற ஏற்ற நீங்கள் மறுபடி மறுபடி மதுரைக்குப் போக வேண்டும். கானாடுகாத்தானிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், விழுகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில். முதல் சில மாதம் ஒழுங்காகப் போய்விட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடுகிற குடும்பங்களை நான் பார்க்கிறேன். கருவி குறைந்த அளவிலேயே உள்ளே கிடக்கும், கடைசியில் பிரயோஜனமில்லை என்று பேர் வாங்கும். பலன் நிதானமாகத்தான் ஏறும். ஒன்றரை வருஷம் விடாமல் கூட்டிப்போக ஆள் யார் என்பதை முடிவு செய்துகொண்டு சம்மதம் சொல்லுங்கள்.

தொந்தரவுகளும் உண்டு. கருவி ஓடும் அந்த அரை நிமிஷம் குரல் கரகரக்கும், இருமல் வரும், தொண்டையில் குறுகுறுப்பு இருக்கும். பெரும்பாலும் நாளடைவில் குறைந்துவிடும். நூற்றில் சிலருக்குப் புண்ணில் கிருமி தொற்றும். அபூர்வமாக அதனால் கருவியையே எடுக்க வேண்டி வரலாம். கம்பி பழுதாகலாம். இரவில் குறட்டையோ மூச்சு விட்டு விட்டு வருவதோ அதிகமானால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவனுக்குச் சாப்பிடும்போது புரையேறும் பழக்கம் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு நேரத்தில் கருவியை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. சில வருஷம் கழித்து பேட்டரி தீரும். அப்போது நெஞ்சில் மட்டும் திறந்து மாற்றுவார்கள்.

உங்கள் மதுரை டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள். இப்படித் திடீரென்று விழுகிற பிள்ளைகளுக்கு, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையைத் துண்டிக்கும் ஆபரேஷன் ஒன்று உண்டு. விழுவதைக் குறைப்பதில் அது கருவியைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது மண்டையைத் திறந்து செய்வது, பெரிய ஆபரேஷன். உங்கள் பேரனுக்கு இரண்டில் எது பொருந்தும் என்பதை அவனுடைய வீடியோ இ.இ.ஜி.யையும் (வீடியோ எடுத்துக்கொண்டே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது) எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் வைத்துப் பேச வேண்டும். அந்தப் பேச்சு நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

தோட்டை விற்பது பற்றி. ஆச்சி, கருவிக்கும் ஆபரேஷனுக்குமாகப் பல லட்சம் ஆகும். பேட்டரி மாற்றும்போது மறுபடியும் செலவு வரும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதுரையில் இல்லாவிட்டால் சென்னையில் கேளுங்கள். அதன் பிறகும் தோட்டை விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், விற்பதற்கு முன்னால் நீங்களும் மகளும் மாப்பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றரை வருஷத்தில் என்ன மாறினால் இது நல்ல முடிவு என்று சொல்வோம் என்பதை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை முறை விழுகிறான் என்பதை இன்றிலிருந்தே குறித்து வையுங்கள். இந்தக் கணக்கு இல்லாமல் கருவி வைத்த வீடுகளில், குறைந்திருக்கிறதா இல்லையா என்றே அப்புறம் சண்டை வருகிறது.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் வீடுகளை எனக்குத் தெரியும். வளவைச் சுற்றிக் கருங்கல் படி, வழவழவென்று ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கைக்கெட்டும் தூரத்தில் தூண். விழுகிற பிள்ளைக்கு அவ்வளவும் ஆபத்து. மோவாயையும் மறைக்கிற மெத்தை வைத்த ஹெல்மெட் கிடைக்கிறது, தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் மாட்டுங்கள். அவன் விளையாடும் மூலையில் கனமான ரப்பர் பாய் போடுங்கள். குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் கூடாது.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரசவத்தில் நேர்ந்ததற்கு அவள் காரணம் இல்லை. இதை வீட்டில் யாராவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்களா? பெரியவராக நீங்கள் சொல்லுங்கள், எல்லோர் முன்னிலையிலும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தந்தை:

கே: மகனுக்கு 6 வயது. ஒன்றரை வருஷமாக வலிப்பு. எப்போதும் வாய் வலது பக்கம் கோணி, வலது கை வெட்டும், அப்புறம் நினைவு தப்பும். இரண்டு மருந்து மாற்றியாகிவிட்டது, மூன்றாவது ஓடுகிறது. இங்கே எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். மலேசியாவில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையனுக்குக் கருவி வைத்து நன்றாக இருக்கிறானாம். மூளையில் கத்தி வைக்க எங்களுக்கு மனமில்லை. நேரடியாகக் கருவியே வைத்துவிடலாமா?

ப: கூடாது. இந்த இதழில் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கும் பதில் இதுதான், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மலேசியப் பையனின் வலிப்பு வேறு, உங்கள் மகனின் வலிப்பு வேறு. ஒரே பக்கம் வாய் கோணி, ஒரே கை வெட்டுகிறது என்றால், மூளையின் எதிர்ப்பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து அது கிளம்புகிறது என்ற சந்தேகம் எனக்கு முதலில் வருகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பேச்சுக்கும் கைகாலுக்கும் கெடுதல் வராமல் எடுக்க முடிந்தால், வலிப்பு அடியோடு நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. அடியோடு நிறுத்த வழி இருக்கக்கூடிய பிள்ளைக்கு, பாதியாகக் குறைக்கும் கருவியை முதலில் வைப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று கொள்ள வேண்டும் என 2010இல் உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் வரையறுத்தது. ஐந்து, ஆறு மருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வில், முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவதில் இன்னும் 13 சதவீதம். அதற்கு மேல் மூன்றாவது மருந்தோ கூட்டு மருந்தோ கொடுத்து நின்றவர்கள் 4 சதவீதம்தான். உங்கள் மகன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். ஆனாலும் ஒன்றைச் சரிபாருங்கள்: ஒன்றரை வருஷத்தில் எடை கூடியிருப்பான், மருந்தின் அளவும் அதற்குத் தகுந்தபடி கூடியிருக்கிறதா?

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள். பிறவியிலேயே மூளையின் மேற்பட்டையில் சிறு இடம் சரியாக அமையாமல் போயிருக்கலாம். சாதாரண ஸ்கேனில் அது கண்ணில் படாமல் போவது சகஜம். வலிப்புக்கென்றே வகுத்த முறையில், காந்தசக்தி கூடிய 3 டெஸ்லா கருவியில் எம்.ஆர்.ஐ. எடுத்து, வலிப்பு நோயில் பழகிய கண் அதைப் பார்க்க வேண்டும். கூடவே, வலிப்பு வரும் நேரத்தையே பிடிக்கும் வீடியோ இ.இ.ஜி. வேண்டும். அதற்காகச் சில நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டியிருக்கும்.

மூளையில் கத்தி என்ற பயம் எனக்குப் புரிகிறது, எந்தத் தகப்பனுக்குத்தான் இருக்காது. டெல்லி எய்ம்ஸில் 18 வயதுக்குட்பட்ட 116 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2017இல் வெளியானது. எல்லோரும் மருந்துக்கு அடங்காத வலிப்புக்காரர்கள். ஆபரேஷன் ஆனவர்களில் 77 சதவீதம் பேர் ஒரு வருஷ முடிவில் வலிப்பில்லாமல் இருந்தார்கள். மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம். ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்குக் கை கால் பலவீனம் போன்ற பின்விளைவுகளும் வந்தன, அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். இந்தியாவில் இந்த வைத்தியம் தொடங்கியதே நம் வேலூரில்தான். சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952இல் முதல் வலிப்பு ஆபரேஷனைச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. இப்படி ஓரிடத்தில் முழுப் பரிசோதனை முடித்து, எடுக்கக்கூடிய இடம் இல்லை, அல்லது பல இடங்களிலிருந்து கிளம்புகிறது என்று அவர்கள் சொன்னால், அன்றைக்குக் கருவியைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள். ஓடுகிற மருந்தை மட்டும் அதுவரை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை:

கே: என் வகுப்பில், நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கருவி வைத்திருக்கிறார்கள். அவள் அம்மா என்னிடம் ஒரு காந்தத்தைக் கொடுத்து, வலிப்பு வந்தால் நெஞ்சில் தேய்க்கச் சொன்னார். எனக்குக் கை நடுங்குகிறது. தப்பாகச் செய்துவிட்டால்?

ப: டீச்சர், அந்தக் காந்தத்தால் நீங்கள் பிள்ளைக்குக் கெடுதல் செய்துவிட முடியாது. வலிப்பு தொடங்கும்போது, உடைக்கு மேலேயே, கருவி இருக்கும் இடத்தில் ஒரு விநாடி வைத்து எடுத்துவிடுங்கள். எடுத்ததும் கருவி உடனே கூடுதலாக ஒரு முறை ஓடும். வலிப்பு அங்கேயே அடங்கலாம், சுருங்கலாம், ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். எத்தனை முறை திரும்பச் செய்யலாம் என்பதை அவளுடைய டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். காந்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. பிடித்திருக்கும்வரை கருவி ஓடாது.

மற்றதெல்லாம் எல்லா வலிப்புக்கும் செய்வதுதான். பெஞ்சு முனையைத் தள்ளி வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கை கால்களை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். இரும்பைக் கொடுத்ததால் நின்றது என்று நினைக்கிறோம், பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நிற்கும். 5 நிமிஷம் தாண்டினால் அவசரம். வலிப்பை நிறுத்த டாக்டர் எழுதிக் கொடுத்த மிடசோலம் மூக்கு ஸ்பிரே பள்ளியில் இருந்தால் சொன்ன அளவில் அடியுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்பிரே இல்லை என்றால் அம்மாவிடம் கேட்டு ஒன்று வாங்கி வையுங்கள். காந்தம் இருக்கும் இடம் இன்னும் ஓர் ஆசிரியருக்காவது தெரிய வேண்டும். உங்கள் ஏ.டி.எம். அட்டையோடும் கைக்கடிகாரத்தோடும் சேர்த்து வைக்காதீர்கள், அவை கெட்டுப்போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்கிறேன். அவள் வாய்விட்டுப் படிக்கும்போது நடுவில் குரல் திடீரென்று கரகரத்து அமுங்கும். அரை நிமிஷத்தில் சரியாகிவிடும். அது கருவி ஓடும் நேரம். அப்போது சத்தமாகப் படி என்று சொல்லாமல் காத்திருங்கள். பிள்ளைகள் சிரித்தால், அவள் சம்மதத்தோடு, வகுப்பில் ஒரு முறை விளக்கிவிடுங்கள். ஓடலாம், ஆடலாம், கபடியில் மட்டும் நெஞ்சில் நேராக இடி படாமல் பார்க்க வேண்டும். ஊருணியில் இறங்குவது, கிணற்றடி, மரம் ஏறுவது ஆகியவை பெரியவர் துணையில்லாமல் கூடவே கூடாது. கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் இதைத்தான் வீடுகளில் தளர்த்திவிடுகிறார்கள்.

கோட்டையூரிலிருந்து ஒரு தாய்:

கே: கருவி வைப்பதற்குப் பதிலாகக் கொழுப்புச் சாப்பாட்டில் வலிப்பு குறையும் என்கிறார்களே. நம் சமையலில் அது முடியுமா?

ப: முடியும், ஆனால் யூடியூபைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். பெரியவர்கள் உடம்பு இளைக்க இருக்கும் கீட்டோ வேறு, இது வேறு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் 1921இல் வலிப்புக்காகவே சொன்ன உணவு முறை இது. கண்டிப்பான வகையில் கொழுப்பு நாலு பங்கு என்றால், மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு பங்கு. ஒவ்வொரு வேளையும் கிராம் தராசில் நிறுத்துப் போட வேண்டும். தேங்காய்ப்பால், தேங்காயெண்ணெய், வெண்ணெய், முட்டை, பனீர் எல்லாம் கைகொடுக்கும். பணியாரம், இடியாப்பம், கவுனி அரிசி, கும்மாயம் எல்லாம் போய்விடும். இதைவிடக் கொஞ்சம் தளர்வான, வீட்டில் நடத்த எளிதான அட்கின்ஸ் முறை ஒன்றும் குழந்தைகளுக்கு உண்டு. நம் குடும்பங்களுக்கு நான் பெரும்பாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். எதுவானாலும் தொடங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனையும், உணவியல் நிபுணரின் மேற்பார்வையும் கட்டாயம். சில பிறவிக் கோளாறுகளில் இந்தச் சாப்பாடு ஆபத்து. குளூக்கோஸ் மூளைக்குள் போக முடியாத ஓர் அரிய கோளாறிலோ இதுதான் முதல் வைத்தியமே.

இனிப்பு சேர்த்த இருமல் சிரப்கூடக் கணக்கைக் கெடுக்கும். அப்பத்தாவோ ஆயாவோ பாவம் என்று ஒரு சீயத்தைக் கையில் கொடுத்தாலும் கெடுக்கும், அதனால் அவர்களையும் டாக்டர் முன்னால் உட்கார வைத்துப் பேசுங்கள். கருவிக்குப் பதிலாகத்தான் என்று இல்லை, இரண்டையும் சேர்த்தும் நடத்தலாம். மூன்று மாதம் ஒழுங்காக இருந்து பார்த்துப் பலன் இல்லையென்றால் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்திவிடலாம். கருவிக்கு முன்னால் இதை முயன்று பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

புதுவயலிலிருந்து இன்னொரு தாய்:

கே: மகளுக்கு 13 வயது. தேவாரம் நன்றாகப் பாடுவாள். கருவி வைத்தால் குரல் போய்விடுமா? நெஞ்சில் தழும்போடு நாளை யார் கட்டுவார்கள் என்று மாமியார் கேட்கிறார்.

ப: குரல் போய்விடாது. கருவி ஓடும்போது மட்டும் கரகரப்பு இருக்கும். கச்சேரியோ போட்டியோ இருக்கும்போது, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி காந்தத்தைக் கருவி மேல் பிளாஸ்திரியால் ஒட்டி வைத்தால், பாடி முடிக்கும்வரை அது ஓடாது. முடிந்த கையோடு எடுத்துவிட வேண்டும். அதை மறந்தால் பாதுகாப்பும் போய்விடும். அளவை மாற்றியமைத்தும் கரகரப்பைக் குறைக்கலாம். அவள் பாடுகிறாள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தழும்பு விரல் நீளம் இருக்கும். மாமியாரிடம் சொல்லுங்கள், வலிப்பு இருக்கிறது என்பதைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடம் கொடுத்த வாசகம் 1999இலேயே இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மறைத்துக் கட்டிக் கொடுப்பதை மட்டும் நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, வேளை தப்பி, வலிப்பு வந்து நிற்கும் புதுப்பெண்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதைவிட முக்கியமானது ஒன்று. அவள் சோடியம் வால்புரோவேட் சாப்பிடுகிறாளா? பிற்காலத்தில் கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும் மருந்து அது. நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் வயதுக்கு வந்த பெண்ணுக்கு வேறு மருந்து உண்டா என்று அடுத்த முறை கட்டாயம் கேளுங்கள்.

கொத்தமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:

கே: லண்டனில் ஒரு சிறுவனுக்கு மண்டையோட்டிலேயே கருவி பொருத்தியதாகப் படித்தேன். என் தம்பிக்கு அது கிடைக்குமா?

ப: 2023இல் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், ஓர் ஆய்வின் பகுதியாகச் செய்தது அது. மூளையின் ஆழத்தில் இருக்கும் தாலமஸுக்குக் கம்பி போகிறது, கருவி நெஞ்சுக்குப் பதிலாக மண்டையோட்டில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு நன்றாக இருப்பது மகிழ்ச்சி, ஆனால் அதை வைத்து இன்னொரு பிள்ளைக்கு முடிவு செய்ய முடியாது. தாலமஸில் கம்பி வைக்கும் முறைக்கு 2018இலும், வலிப்பு கிளம்பும் இடத்திலேயே கண்டு அடக்கும் கருவிக்கு 2013இலும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இரண்டுமே 18 வயது முடிந்தவர்களுக்கு. தம்பியின் வயதைச் சொல்லவில்லை. சிறுவன் என்றால், இன்றைக்குப் பேச வேண்டியது கழுத்து நரம்புக் கருவியைத்தான், அதுவும் மேலே தேவகோட்டைக்காரருக்குச் சொன்ன பரிசோதனைகள் முடிந்த பிறகு.

குன்றக்குடியிலிருந்து ஒரு தாத்தா:

கே: பேத்திக்குப் போன வருஷம் கருவி வைத்தோம். மீனாட்சியம்மன் கோவில் வாசலில் சோதனைக் கதவு வழியாகப் போகலாமா? முழங்கால் இறுக்கத்துக்கு பிசியோதெரபி போகிறாள், அங்கே சூடு வைக்கலாம் என்கிறார்கள், அது சரியா?

ப: ஐயா, கோவில் வாசலில் நிற்காமல் சாதாரணமாக நடந்து போகலாம். மணி அடித்தால் மருத்துவமனை கொடுத்த அடையாள அட்டையைக் காட்டுங்கள், அது எப்போதும் அவள் பையில் இருக்கட்டும். செல்போனாலும் கெடுதல் இல்லை.

பிசியோதெரபி விஷயத்தில் நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. வெந்நீர் ஒத்தடம் போன்ற வெளிச்சூடு என்றால் பரவாயில்லை. டயாதெர்மி என்று சொல்லும் மின்அலைச் சூடும், சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்டும் அவளுக்கு உடம்பில் எந்த இடத்திலும் கூடாது, முழங்காலில்கூடக் கூடாது. அந்த ஆற்றல் கம்பி வழியாகப் போய் நரம்பையும் சுற்றியுள்ள சதையையும் சுட்டுவிடலாம். வயிறு பார்க்கும் ஸ்கேன் அல்ட்ராசவுண்டுக்குத் தடையில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், கருவி வைத்த டாக்டரிடம் முதலில் கேட்டு, அவர் கருவியை நிறுத்திக் கொடுத்த பிறகே எடுக்க வேண்டும், முடிந்ததும் மறுபடி முடுக்கிவிட வேண்டும். அட்டையை நாளைக்கே பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி, அவளுடைய சீட்டின் மேல் டயாதெர்மி கூடாது என்று சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.